துஆவுக்குப் பின்னால் ஒரு முள்

இதை அச்சுக்குப் போடுகிற தம்பியிடம் இந்த வாரமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் கையெழுத்து இது. எழுத்துப் பிழைகளை அவர் திருத்துவார். கீழே சொல்லப்போகும் பிழை என்னுடையது... அதைத் திருத்த வேண்டாம்.

கல்முனையில் வாடகைக்கு ஓடும் பழைய டீசல் வேன் ஒன்று என்னிடம் இருக்கிறது. அது ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். ஒரு நாள் அதன் மீட்டரில் எஞ்சினின் ஒயில் பிரஷரைக் காட்டும் முள் பூச்சியத்தில் விழுந்தது. எழும்பவேயில்லை.

ஒயில் அளவைப் பார்த்தேன் — சரியாக இருந்தது. அடுத்தது கராஜுக்குத்தானே போயிருக்க வேண்டும்? போகவில்லை. 'எஞ்சின் முடிஞ்சிட்டு' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

முன் சீட்டில் ஏறுகிறவர்கள் விடுவார்களா? "என்ன காக்கா, முள்ளு படுத்துக் கிடக்கு?" காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். நான் கூச்சக்காரன். ஆகவே பிரயாணத்துக்கு முன் ஓதும் துஆ ஸ்டிக்கர் ஒன்றை முள்ளின் மேலேயே ஒட்டிவிட்டேன். கேள்வி நின்றது!

இரண்டு மாதம் கழித்து வரிப்பத்தான்சேனைக்கு ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிப்போனேன். அசர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். முன் சீட்டில் மாப்பிள்ளையின் மாமா. சம்மாந்துறை தாண்டியதும்தான் துஆ ஓத மறந்தது நினைவு வந்தது அவருக்கு. மூக்குக்கண்ணாடியையும் மறந்திருந்தார். ஸ்டிக்கரை மெல்ல உரித்தெடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஓதி முடித்தார். பிறகு...

"தம்பி, துஆவுக்குப் பின்னால முள்ளு ஒண்டு விழுந்து கிடக்கே!"

மாப்பிள்ளையைத் தவிர, பின்னால் இருந்த ஆறு பேரும் மெக்கானிக் ஆனார்கள்.

"ஒயில் பம்ப் போயிட்டு."

"இல்லகா, பெயாரிங் தேஞ்சாத்தான் இப்பிடி."

"தடிச்ச ஒயில் ஊத்தினா எழும்பும்."

"எழும்புறதுக்கு முதல் எஞ்சின் இறுகிடும்!"

மாமா மட்டும், "ஓட்டுங்க, நிக்காஹ் பிந்தப்போகுது" என்றார்.

நின்றால் நிக்காஹ் பிந்தும். ஓடினால்... என் எஞ்சின்? எட்டுப் பேருக்கு முன்னால் வாழ்க்கையில் முதல்முறையாக வாய் திறந்தேன்.

"நிப்பாட்டுறன்."

வயலோரத்தில் ஒரு மெக்கானிக் பாஸ் ட்ரெக்டர் திருத்திக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டார்.

"பொய் சொல்றது முள்ளா, எஞ்சினா எண்டு பாத்தீங்களா?"

"இல்ல..."

"மறுகா என்னத்துக்குப் பயந்தீங்க?"

முன் சீட்டைத் தூக்கினார். அதன் கீழே எஞ்சினில் இருந்த, முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்சரைக் கழற்றி, அந்த ஓட்டையில் தன் மீட்டரைக் குழாயோடு மாட்டினார். "சூட்டோடதான் பாக்கணும். குளிர்ந்தா எல்லா எஞ்சினும் நல்ல பிள்ளைதான்."

மீட்டரை யார் பிடிப்பது? எல்லோரும் தங்கள் வெள்ளை உடுப்பைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். "தாங்க பாஸ்" என்று மாப்பிள்ளையே வாங்கிக்கொண்டார். நான் எக்சிலேட்டரை மிதித்தேன்.

"இருபது... முப்பது... நாப்பது தாண்டிட்டு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" — வயலே அதிர்ந்தது.

எஞ்சின் நலம். செத்தது சென்சர். பெருவிரல் அளவு சாமானுக்கா இரண்டு மாதம் நித்திரையில்லாமல் கிடந்தேன்?

பிந்தித்தான் போனோம். நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளை கையை நீட்ட, சட்டைக் கையில் கறுப்பாக ஒயில் பொட்டு. வயலும் இரண்டு ட்ரெக்டரும் உள்ள மாமனார் அதையே பார்த்தார். நான் ஆட்களுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"மருமகனுக்கு மெசின் வேலையும் தெரியுமோ?" முகம் முழுக்கச் சிரிப்பு.

"முள்ளு வாசிக்க மட்டும் தெரியும் மாமா."

புதிய சென்சர் மாட்டிவிட்டேன். துஆ இப்போது வேனின் முன் கண்ணாடிக்கு மேலே, ஓதுகிறவர்களுக்குத் தெரிகிற இடத்தில். முள்ளைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. நானாகவே காட்டுகிறேன்!

மூன்று வாரம் கூச்சப்பட்டு, ஒருவழியாக எழுதி முடித்தது: ரபீஉல் அவ்வல் பிறை ஏழு, ஞாயிறு, சுபஹ் தொழுகைக்குப் பின். முள் நாற்பதில்.