டிம்மர் மாட்டிய மேதை

என் கணவருக்கு நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வேலை. ஸ்டோரில் பதிவேடு எழுதுபவர்தான். ஆனால் மின்சாரத்தையே தான்தான் கண்டுபிடித்தது போல் ஒரு நினைப்பு.

மகள் பிரசவத்துக்கு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தாள். பிறந்த பேரனுக்குக் கண் கூசுகிறதென்று, குண்டு பல்பு காலத்து டிம்மர் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துப் படுக்கையறையில் மாட்டினார் மேதை. தொட்டிலுக்கு மேலே தொங்கியதோ சாதாரண எல்.இ.டி. பல்பு. வெளிச்சத்தைக் குறைத்ததும் அது வெட்டி வெட்டி எரிந்தது. வண்டு போல இரைந்தது.

"என்னங்க, சத்தம் வருதே?" என்றேன்.

"பவர் பிளான்ட்ல இருக்கறது நானா, நீயா? போய் வேலையப் பாரு."

நான்காம் நாள் மாலை, பால் கொடுக்க மகள் குழந்தையைத் தூக்கிய சற்று நேரத்தில் கருகல் நாற்றம் வந்தது. பல்பின் மூடி சூட்டில் கழன்று தொட்டிலுக்குள்ளேயே விழுந்தது. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

மேதையோ அசராமல், "பல்பு டூப்ளிகேட்டு" என்றார்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லா எல்.இ.டி.யும் டிம்மருக்கு ஆவாதும்மா. பெட்டியில 'டிம்மபிள்'னு போட்டிருக்கணும். டிம்மரும் எல்.இ.டி.க்கு ஏத்ததா இருக்கணுங்க."

டிம்மரைக் கழற்றிச் சாதாரண சுவிட்ச் போட்டாயிற்று. இப்போதெல்லாம் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து நானே பல்பு வாங்குகிறேன். ஸ்க்ரூடிரைவரை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், கண்டுபிடிக்க மாட்டார்.

- ஒரு வாசகி, நெய்வேலி