துலாவிலிருந்து இறங்கிய ஏரம்பு

லண்டனில் எங்கள் ஊர்ச் சங்கம் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலாவைத் தன் சின்னமாக வைக்கப்போகிறதாம். மடலின் மூலையில் போடப் படமும் கீறிவிட்டார்கள். இதை எழுதினால் ஊரிலுள்ள பெரியப்பாவின் மகன், அண்ணை, என்னோடு கதைக்கமாட்டார் என்று பயமாயிருக்கிறது. ஆனாலும் ஏரம்புவைப் பற்றி வேறு யார் எழுதப்போகிறார்கள்?

ஏரம்பு கோப்பாயில் என் பெரியப்பா தில்லைநாதனின் தோட்டத்தில் ஐம்பத்தாறாம் ஆண்டிலிருந்து துலா மிதித்தவர். கிணற்றுக்கு மேலே நீண்டு ஆடும் அந்த மரத்தில் ஓராள் முன்னும் பின்னும் நடப்பார்; முன்னே வந்தால் ஓலைப் பட்டை கிணற்றுக்குள் இறங்கும், பின்னே போனால் தண்ணீரோடு ஏறும். கீழே கிணற்று வாயில் நிற்பவர் பட்டையை இறக்கி, நிறைந்து மேலே வந்ததும் வாய்க்காலில் ஊற்றுவார். மேலே நடப்பவரின் கை தண்ணீரில் படாது. அதனால்தான் ஏரம்புவை மேலே ஏற்றினார்கள். அவர் சாதிக்காரர் எங்கள் கிணற்றில் அள்ளக்கூடாது.

அவர் மனைவி தங்கமுத்து காலையில் குடத்தை நிலத்தில் வைத்துவிட்டு எட்டி நிற்பார். எங்கள் வீட்டில் யாராவது அள்ளி ஊற்றவேண்டும். எங்களுக்கு மனம் வராவிட்டால் மத்தியானம்வரை நிற்பார். தங்கமுத்து தன் கையால் ஒரு குடம் அள்ளவேண்டும். ஏரம்பு கேட்டதெல்லாம் அவ்வளவுதான். பெரியப்பாவின் மறுமொழி எப்போதும் ஒன்று: "பாப்பம்."

பிறகு தண்ணீர் இறைக்கும் மிசின் வந்தது. ஏரம்புவைத் தோட்டம் கொத்தும் வேலைக்கு மாற்றினார்கள். எழுபத்தைந்தில் சனசமூக நிலையக் கூட்டத்தில் பெரியப்பா எழும்பி, "துலாதான் யாழ்ப்பாணத்தானின்ரை முதுகெலும்பு" என்றார். ஒருநாளும் அதில் ஏறாத மனிசன். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. விவசாயம் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரருக்கு அதை இறைத்துக் காட்டுவதென்றும் தீர்மானித்தார்கள்.

அந்த வெள்ளைக்காரத் துரை வந்த அன்று பெரியப்பா சரிகைச் சால்வையோடு பட்டையைப் பிடித்தார். ஏரம்பு மேலே. இங்கிலிசு படித்தவன் என்று என்னைத் துரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஐந்தாறு பட்டை இறைத்திருப்பார்கள். நிறைந்த பட்டை கிணற்று வாய்க்கு வந்ததும் ஏரம்பு மரத்தின் பின்நுனியில் அசையாமல் நின்றார்.

"நயினார், அடுத்த பட்டையைத் தங்கமுத்து பிடிக்கட்டும்."

"என்னடா, விசரே உனக்கு? மிதியடா!"

"பத்தொன்பது வரியமாக் கேக்கிறன். அவள் ஒரு பட்டை அள்ளட்டும், மிதிக்கிறன்."

ஏரம்பு என்ன சொல்கிறார் என்று துரை என்னிடம் கேட்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார். "இந்தத் துலாவால் தனக்குப் பெருமை என்கிறார்" என்று இங்கிலிசில் சொன்னேன். துரை கைதட்டினார்.

"சின்ன நயினார், நான் சொன்னதுக்கோ துரை கைதட்டுறார்?"

ஏரம்பு என்னை விட்டுப் பெரியப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப நயினார், கயிற்றை விடுங்கோ, நான் இறங்கினால் உங்களையும் இழுத்துப்போடும்" என்று சொல்லி, பெரியப்பா கையை எடுக்கும்வரை பார்த்திருந்து, பின்பக்கத்தால் இறங்கினார். பட்டை கிணற்றுக்குள் விழுந்த சத்தத்தில் துரை பின்வாங்கினார். ஏரம்பு தோட்டத்தைக் கடந்து போனார்.

அடுத்தநாள் விடிய ஏரம்பு சொந்த வாளியோடு வந்து எங்கள் கிணற்றில் அள்ளினார். தீட்டென்று பெரியப்பா மிசின் வைத்துக் கிணற்றை வற்ற இறைத்தார். மறுநாள் ஊறியது, ஏரம்பு திரும்ப அள்ளினார். மிசின் திரும்ப இரைந்தது.

"இறைக்கட்டும். நாளைக்கும் ஊறும்" என்று வேலிக்கு அப்பால் நின்று சொன்னார் ஏரம்பு.

"இந்த மிசின் உனக்குக் கொள்ளி வைக்கிற அண்டைக்கும் இரையும்!" என்று கத்தினார் பெரியப்பா.

பன்னிரண்டு நாள். எங்கள் பக்கக் கிணறுகளில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாக நிற்கும், அடியில் உவர். அளவாக இறைக்கவேண்டும் என்பதை மற்றவர்களுக்குப் படிப்பித்தவரே பெரியப்பாதான். பதின்மூன்றாம் நாள் தண்ணீர் உவர்த்தது. வெங்காயத்தாள் நுனி கருகியது.

"அவன்ரை கை பட்டுத்தான் உவர்த்தது" என்றார் பெரியப்பா. ஊரும் அதையே சொன்னது.

"இனி உதிலை ஆர் அள்ளினாலென்ன, அள்ளாட்டியென்ன" என்று பெரியப்பா காறித் துப்பியதைக் கேட்டுத் தங்கமுத்து குடத்தோடு வந்தார். முதன்முறையாகத் தன் கையால் அள்ளி, ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

"இஞ்சாருங்கோ" என்று வேலியடியில் நின்ற புருசனைக் கூப்பிட்டார். "குடிக்க ஏலாது. குளிக்க ஆகும். வாங்கோ, ஊத்திறன்."

எங்கள் கிணற்றடியில், பட்டப்பகலில், ஏரம்பு குந்தியிருந்து குளித்தார். பெரியப்பா யன்னலைச் சாத்தினார்.