சாரா பீவியின் பத்தியம்

மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கிற சந்துகளில் யாருக்கு வயிறு கெட்டாலும் சாரா பீவி வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். மாதுளை ஓடு, சுக்கு, ஓமம், ஜாதிக்காய் எல்லாம் வறுத்து இடித்துச் சலித்த பொடி அவளுடையது. காசு வாங்கமாட்டாள். ஆனால் பத்தியத்தில் கறார். வயிறு கட்டும் வரைக்கும் சொட்டுத் தண்ணீர் கூடாது. மீறினவர்களுக்கு அடுத்த முறை வாசலிலேயே வசவு கிடைக்கும். பெரும்பாலும் தானாகவே சரியாகிற வயிறுகள்தான். பெயர் பொடிக்குப் போயிற்று. அவளும் அதை நம்பினாள், பாவம்.

காவிரி வற்றி, மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த ஒரு கோடையில் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அவளுடைய ஒரே மகள் நஜ்முன்னிசாவுக்கும் கண்டுவிட்டது. மருமகன் ஜமால் அவளைத் தாய்வீட்டுக்குத் தூக்கி வந்தான். ஊருக்கே மருந்து கொடுக்கிறவள் பெற்ற மகளை விட்டுவிடுவாளா என்ற நம்பிக்கை.

சாரா பீவி பொடியைத் தேனில் குழைத்து ஊட்டினாள். வாந்தியில் வந்துவிட்டது. மறுபடி ஊட்டினாள்.

“அம்மா, ஒரு வாய் தண்ணி” என்றாள் மகள்.

“வயிறு கட்டட்டும் கண்ணு. தண்ணி உள்ள போனா மருந்து வேலை செய்யாது.”

மகள் விடாமல் கெஞ்சினாள். எங்கே மனசு இளகிக் கொடுத்துவிடுவோமோ என்று பயந்து, சாரா பீவி பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மாரியாயியிடம் வைத்துவிட்டு வந்தாள். நஜ்முன்னிசா பானை இருந்த இடத்து ஈரமணலைத் தொட்டு உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜமால் ஜட்கா வண்டி பிடித்து வந்தான். “மாமி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம். ஊசியில உப்புத் தண்ணி ஏத்துறாங்களாம்.”

அந்த நேரம் பார்த்துப் பேதி நின்றிருந்தது. சாரா பீவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பாத்தீங்களா மாப்ள, கட்டிடுச்சு! இனிமே அவளை ஆட்டிக் குலுக்காதீங்க. வண்டியை அனுப்பிடுங்க.”

வண்டி போய்விட்டது. வெளியேறுவதற்கு அந்த உடம்பில் தண்ணீரே மிச்சமில்லை என்பது அங்கே யாருக்குத் தெரியும்? கண் குழிந்து, விரல்கள் சுருங்கி, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது நஜ்முன்னிசா அடங்கிப்போனாள்.

மய்யத்தைக் குளிப்பாட்ட மாரியாயி வீட்டிலிருந்து அந்தப் பானையும் திரும்பி வந்தது. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைப் பெண்கள் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். பெற்றவளும் ஊற்றினாள். மூடிய உதட்டின்மேல் விழுந்த தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து முற்றத்துச் சாக்கடைக்குப் போயிற்று. அதுவரை அழாதவள் அப்போதுதான் அலறினாள்.

அந்த வாரமே மாரியாயியின் புருஷன் பிச்சமுத்து படுத்துவிட்டான். அவள் பொடிக்கு ஓடி வந்தாள்.

“பொடி வேணாம். தண்ணி குடு, மாரியாயி. கேக்குற மட்டும் குடு.”

மாரியாயி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். “தண்ணி கூடாதுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க, பீவிம்மா.” மகள் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மாடத்திலிருந்த பொடியைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பிச்சமுத்து தண்ணீர் கேட்டு முனகுவது கேட்டது. சாரா பீவி பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். மாரியாயி பத்தியத்தைக் காப்பாற்றினாள், கதவைத் திறக்கவில்லை.