நாலாம் வகுப்பும் நாலு கேள்வியும்

தொடக்கப் பள்ளியில் திருப்புதல் நடத்துவது என்றால், ஏற்கெனவே நடத்திவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருந்த பாடத்தை முதல் தடவையாக நடத்துவது என்று அர்த்தம். சக ஆசிரியர்களே, உங்களுக்குத் தெரியாததா! கல்வராயன் மலையில், கரியாலூரிலிருந்து ஒரு மணி நேரம் நடந்து போக வேண்டிய பள்ளியில் நான் வேலை பார்த்தபோது, அரையாண்டுத் தேர்வுக்கு முன் நடந்தவை இவை. கதை எது, தகவல் எது, இரண்டையும் எப்படிப் படிப்பது என்பதுதான் நாலாம் வகுப்புக்குப் பாடம்.

யார் பக்கம்?

முதல் நாள் கதைமாந்தர். பசித்த காட்டுப்பன்றி ஒன்று தோட்டத்தில் நுழைகிறது, குடியானவன் கல்லால் அடிக்கிறான், காட்டு விலங்குகள் எல்லாம் கூடி அழுகின்றன. நானே எழுதிய கதை. உருக்கமாகப் படித்துக் காட்டினேன். "இதில் நல்லவர் யார்?" என்றேன். வகுப்பு முழுக்கக் குடியானவன் என்றது. பன்றி கிளறிப்போட்ட மரவள்ளிக் காட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளாயிற்றே!

முன்வரிசையில் பூங்கொடி எழுந்தாள். வாய் அதிகம், மூளை அதைவிட அதிகம். "ஏன் டீச்சர், இந்தக் கதைய எழுதினது பன்னியா?"

மிச்சப் பத்திரிகை

அடுத்த நாள் வீட்டிலிருந்து ஏதாவது அச்சடித்த தாள் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கோவிந்தன் தன் மாமாவின் கல்யாணப் பத்திரிகையை ஒரு கட்டாகவே கொண்டுவந்தான். இது கதையா, தகவலா என்று கேட்டேன். கதைதான் என்று அடித்துச் சொன்னான். ஆள் இருக்கு, இடம் இருக்கு, நேரம் இருக்கு என்று விரல் மடக்கிக் காட்டினான். கதை என்றால் நடுவில் ஒரு சிக்கல் வர வேண்டுமே, அது எங்கே என்று மடக்கினேன்.

"கல்யாணம் நின்னு பூட்ச்சுங்க டீச்சர், அதான் இம்மாம் பத்திரிகை மிச்சம்."

பாடாத ஒருத்தி

தகவல் எதைப் படித்தாலும் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினேன்: யார் சொல்கிறார், எங்கே, எதற்கு, எதுவரைக்கும்? பிள்ளைகள் பாட்டாகவே பாடினார்கள். பூங்கொடி மட்டும் வாய் திறக்கவில்லை. விசாரித்தால், குடும்பத்தோடு குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போகிறார்களாம். திங்கட்கிழமை வண்டி வருமாம். தம்பியைப் பார்த்துக்கொள்ள இவளும் போக வேண்டும்.

போன வருஷம் அப்படிப் போன இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. நான் அன்றே அவள் அப்பாவிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும். வயிற்றுப் பிழைப்பு விஷயத்தில் நாம் என்ன சொல்வது என்று சும்மா இருந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. "மேஸ்திரி ஒரு தாளு குடுத்துக்கிறாரு டீச்சர், எடுத்தாரட்டா? அதுவும் அச்சடிச்சதுதான்."

மேஸ்திரியின் தாள்

வெள்ளிக்கிழமை தாள் வந்தது. வேலைக்கு ஆள் சேர்க்கும் அந்த மேஸ்திரி ஊரெல்லாம் கொடுத்தது. தங்க இடம், விறகு, தண்ணீர், கூட்டிப்போக வண்டி எல்லாம் உண்டு என்று போட்டிருந்தது. பூங்கொடி நாலு கேள்வியையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எதற்கு என்பதற்கு மட்டும், காப்பிப் பழம் பறிக்க என்று, பதில் கிடைத்தது. மேஸ்திரியின் பெயர் இல்லை, தோட்டத்தின் பெயர் இல்லை, எப்போது திரும்புவது என்ற பேச்சே இல்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டைத் திறந்து, அவள் பெயரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்தபடி அப்பா வாசலில் வந்து நின்றார். மகள் சொல்லிக்கொடுத்த நாலு கேள்வியையும் மேஸ்திரியிடம் கேட்டாராம். மூன்றுக்கு, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே பதிலாம். வண்டி இவர்களை ஏற்றாமல் போய்விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"வேற மேஸ்திரிய பாக்கணுங்க, டீச்சரம்மா. இவ இங்கியே படிச்சிக்கினு இருக்கட்டும், அந்தாளும் தாளு குடுத்தா படிக்க வூட்ல ஒருத்தி வேணுமில்ல?"

அன்றிலிருந்து, கள்ளக்குறிச்சி கல்வி அலுவலகத்திலிருந்து வரும் சர்க்குலர்களில்கூட நான் நாலு கேள்வி கேட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.