வெள்ளி மேல் போட்ட பழி

செம்பட்டிப் பக்கம் தக்காளி போடும் விவசாயி நான். கடைவாய்ப் பல் சொத்தையாகி, திண்டுக்கல்லில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். நரம்பை எடுத்துவிட்டு, குழியை அடைக்க வெள்ளி போடவா, சிமெண்ட் போடவா என்று கேட்டார். நீண்ட நாள் உழைக்கட்டும் என்று வெள்ளியே போடச் சொன்னேன்.

அடைத்து முடித்ததும், "கடிச்சுப் பாருங்க. எங்கயாச்சும் இடிக்குதா?" என்றார். இடிக்கத்தான் செய்தது. ஆனால் அவ்வளவு நேரம் காலால் பல் குடையும் மிஷினை மிதித்து, வேர்க்க விறுவிறுக்க வேலை பார்த்தவரிடம் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நல்லா இருக்குங்கய்யா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் எதைக் கடித்தாலும் உயிர் போனது. "நரம்பை எடுத்தும் வலிக்குது. வெள்ளி நமக்கு ஆகாது" என்று மார்க்கெட்டிலும் வீட்டிலும் சொல்லித் திரிந்தேன். அதே டாக்டரிடம் பல் அடைக்க இருந்த என் மனைவி அதைக் கேட்டுப் பயந்து, வேறோர் இடத்தில் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள்.

கடைசியில் வலி தாங்காமல் நானே அவரிடம் திரும்பப் போனேன். கறுப்புத் தாளைக் கடிக்கச் சொல்லி, மை பட்ட இடத்தை லேசாக ராவிவிட்டார்.

"வெள்ளி மேல குத்தமில்ல. அடைச்சது துளி உசரமா நின்னுருக்கு. அன்னைக்கே கேட்டேனே?" என்றார். மறுபடி கடித்துப் பார்த்தேன். வலி போய்விட்டது.

இப்போதெல்லாம் டாக்டர் கேட்டால், இருப்பதை இருந்தபடி நாற்காலியிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில்தான் முடியவில்லை. பல் பிடுங்கிய பக்கத்தை விட்டு ஒரு பக்கமாகவே மென்றுகொண்டு, "ஒங்களுக்கு இப்ப வலிக்குதா?" என்று மனைவி கேட்கிறாள். இல்லை என்று சொல்லக் கூசுகிறது.