எட்டாவது எண்ணுக்காக எழுந்து நின்றவர்

ருக்மணி டீச்சர் காலமான செய்தி, செவ்வாய்க்கிழமை காலை நான் பாலக்காட்டுச் சித்தூருக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது வந்தது. அவருடைய கணவர்தான் போனில் சொன்னார். ஆறு மாதமாகப் பயந்திருந்த செய்திதான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி டீச்சரின் ஊரான கோவிந்தாபுரத்துக்குத் திரும்பினேன்.

சித்தூர் அருகே ஓர் அரசுப் பள்ளியில் டீச்சரும் நானும் கணித ஆசிரியைகள். டீச்சர் குரல் உயர்த்திப் பேசமாட்டார். அதனால் பணிந்துபோகிறவர் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி.

ஒரு பயிற்சி வகுப்பில் மேலதிகாரி ஒருவர் 31, 331, 3331 எனப் பலகையில் எழுதிக்கொண்டே போனார். எல்லாம் பகா எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. ஏழாவதாக 33333331 வரை எழுதிவிட்டு, எத்தனை மூன்று சேர்த்தாலும் பகா எண்தான் வரும் என்றார். கையேட்டிலும் அதுவே அச்சாகியிருந்தது.

என் பக்கத்தில் டீச்சர் எட்டாவது எண்ணை வகுத்துக்கொண்டிருந்தார். 3, 7, 11, 13 எல்லாவற்றுக்கும் மீதி வந்தது. 17-க்கு வரவில்லை. எழுந்து நின்றார்.

“ஏனுங்க சார், ஏழு சரியாப் போச்சுன்னா எட்டும் சரியாத்தான் இருக்கோணுமுங்களா? 333333331 பதினேழுல போகுதுங்க. ஈவு 19607843.”

வகுப்பு முடிந்த பிறகு எழுதிக் கொடுங்கள் என்றார் அதிகாரி. நான் டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவர் உட்காரவில்லை. நேரே போய்ப் பலகையில் வகுத்துக் காட்டினார்.

வகுப்பைக் குலைத்ததாக மெமோ வந்தது. ஒரு வரி வருத்தம் தெரிவித்தால் போதும் என்று தலைமையாசிரியர் கெஞ்சினார். டீச்சர் பதிலாக அந்த வகுத்தலை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார்.

“தப்பு பண்ணியிருந்தா மன்னிப்பு கேப்பனுங்க. கணக்கு போட்டதுக்குக் கேக்கமாட்டேன்” என்றார் என்னிடம்.

இடுக்கி மலையில் இருக்கும் கம்பம்மெட்டுப் பக்கம் இடமாற்றம் வந்தது. மூன்று வருடம் அங்கே இருந்தார். முதல் நாளே ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அதே எண்ணைப் பலகையில் எழுதி, உடைக்கச் சொன்னாராம். இடையில் வந்த புதிய கையேட்டில் அந்த வரி இல்லை. ஒரு விளக்கமும் இல்லை. திரும்பி வந்தவரை நோய் பிடித்துக்கொண்டது.

அன்று கோவிந்தாபுரத்து வீட்டு வாசலில் அந்த அதிகாரியும் நின்றிருந்தார். ஓய்வு பெற்றுவிட்டாராம். என்னைத் தனியே அழைத்து, டீச்சர் சொன்னதுதான் சரி, தனக்கு அன்றே தெரியும் என்றார்.

“எங்கிட்டச் சொல்ல வேண்டாமுங்க சார். உள்ளே நூறு பேர் இருக்காங்க, அங்க வந்து சொல்லுங்க.”

சற்று நேரம் உள்ளே பார்த்தார். பிறகு காரை நோக்கி நடந்தார்.

நான் உள்ளே போய் டீச்சரின் கால்மாட்டில் நின்று, நடந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சேலையைப் பிடித்து இழுத்ததையும் சேர்த்துத்தான். போய் வாருங்கள், டீச்சர்.