ரிலை ஆன் சொல்லிக் கொடுத்த அந்தோணி

வியாழக்கிழமை சாயங்காலம், படப்பை டீக்கடையில் இருந்தபோது போன் வந்தது. "அண்ணே, அந்தோணி மிஷின்கிட்டயே வுழுந்துட்டாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிட்ச்சு." நான் போட்ட சத்தத்தில் கடையே எழுந்து நின்றது.

அவனைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வல்லம் வடகால் கம்பெனி பஸ்ஸை என்னைப்போல் ஓட்ட ஆளில்லை. நான் எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் ஒரு ஜப்பான்காரருக்கே இங்கிலீஷில் வழி சொல்லி, அவர் என் கையை விடாமல் குலுக்கியிருக்கிறார். அந்த இங்கிலீஷ் அந்தோணி போட்ட பிச்சை. கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், பிரஸ் மிஷின் ஆபரேட்டர். முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, பஸ்ஸுக்கே தினம் ஒரு வார்த்தை சொல்லித் தருவான்.

ஒருநாள் 'ரிலை ஆன்'. "நம்புறதுதானப்பா? அதான் டிரஸ்ட்டுன்னு ஒண்ணு கீதே!" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. மனசோட இருந்தா டிரஸ்ட். ஒடம்பையே சாச்சுட்டா ரிலை ஆன். நீங்க பிரேக்க நம்பி எறக்கத்துல எறங்குதீங்கல்லா, அதான்." பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "சாயுதவன் மட்டும் படிச்சா போதாது. சாய எடம் குடுத்தவனும் படிக்கணும்."

அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து மிஷினை வாங்கிக்கொள்ளாமல் ஆபரேட்டர் நகரக் கூடாது. அந்த வியாழக்கிழமை ஆள் வரவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று அந்தோணி சொல்லியிருக்கிறான். சூப்பர்வைசர் தோளைத் தட்டி, "வி ரிலை ஆன் யூ, அந்தோணி" என்றாராம். அடுத்த ஷிஃப்டுக்கும் நின்றான். பக்கத்து மிஷின்காரர் சொன்னது இது. நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அஞ்சலிக் கூட்டத்துக்கு அதே சூப்பர்வைசர் மாலையோடு வந்து, "வி ஆல் ரிலைட் ஆன் ஹிம்" என்றார்.

"சார், அவன் உங்க மேல சாஞ்சது ஒரே ஒரு நாளு. அன்னிக்கு இன்னா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

பத்தாயிரம் பேர் கைதட்டினார்கள் என்று எழுதத்தான் ஆசை. அவர் மாலையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்கும் பங்குண்டு. அவன் விழுந்த அன்று மதியம் எனக்குப் போன் பண்ணினான். "ஆளு வந்ததும் ஓடியாறேன் அண்ணாச்சி. பத்து நிமிசம் நிப்பீங்களா?"

"ஒரு மணி நேரம் நிப்பேன். ரிலை ஆன் மீ!" என்று அளந்தேன். வண்டியை எடுக்கச் சொல்லி கேட்டில் செக்யூரிட்டி விசில் ஊதினான். நான்காவது நிமிடம் வண்டியைக் கிளப்பிவிட்டேன். நின்றிருந்தாலும் அவனை விட்டிருக்க மாட்டார்கள் என்கிறார்கள். இருக்கலாம். நான் நிற்கவில்லை.

அவன் தந்த மற்ற வார்த்தைகள் வாயிலேயே இருக்கின்றன. இதை மட்டும் இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். நேற்று ஒருவருக்காகப் பதினோரு நிமிடம் நின்றேன். செக்யூரிட்டி விசில் ஊதினான்.

ஊதட்டும்.